பெண்கள் டென்னிஸில் நாட்டுக்கான வாசல்: பில்லி ஜீன் கிங் கோப்பையின் தகுதிச் சுற்று

பில்லி ஜீன் கிங் கோப்பை என்பது பெண்கள் தத்தம் நாட்டின் பெயரால் அணி சேர்ந்து மோதும் உலக டென்னிஸ் போட்டி. ஆண்களுக்கு டேவிஸ் கோப்பை எப்படியோ, பெண்களுக்கு இது அப்படி. ஆண்டுதோறும் 100-க்கும் மேற்பட்ட நாடுகள் இதற்குப் பெயர் கொடுக்கின்றன. இறுதிக் கட்டத்தில் ஆடுபவை எட்டே எட்டு. 2025 செப்டம்பரில் சீனாவின் ஷென்சென் நகரில் அந்த எட்டு அணிகள் கூடின. இத்தாலி அமெரிக்காவை 2–0 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. தொலைக்காட்சி காட்டுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வாரத்தைத்தான். மலேசியா, இந்தியா, இலங்கை போன்ற நாடுகளுக்கோ போட்டி என்றாலே அது தகுதிச் சுற்றுதான். கெடாவின் அலோர் ஸ்டாரிலோ சுங்கை பட்டாணியிலோ இன்று மட்டை பிடிக்கும் ஒரு பெண் என்றாவது நாட்டுக்காக ஆடினால், அவள் முதலில் இறங்கப்போவதும் அந்தத் தகுதிச் சுற்றில்தான்.

இந்தக் கோப்பை பிறக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெண்களுக்கும் ஓர் அணிப்போட்டி வேண்டும் என்று அமெரிக்க வீராங்கனை ஹேசல் வைட்மன் 1919-இலேயே கேட்டார். அப்போது யாரும் செவி சாய்க்கவில்லை. தாமே ஒரு கோப்பையைக் கொடுத்து, 1923 முதல் அமெரிக்காவும் பிரிட்டனும் மோதும் ஏற்பாட்டை மட்டும் அவரால் செய்ய முடிந்தது. 1962-இல் மேரி ஹார்ட்விக் ஹேர் என்பவர் பல நாடுகளின் ஆதரவைத் திரட்டிக் காட்டிய பிறகே அனைத்துலக டென்னிஸ் சம்மேளனம் இறங்கி வந்தது. சம்மேளனத்தின் ஐம்பதாம் ஆண்டான 1963-இல், லண்டன் குவீன்ஸ் கிளப்பில், 16 நாடுகளோடு முதல் போட்டி நடந்தது. இறுதியில் அமெரிக்கா ஆஸ்திரேலியாவை 2–1 என்று வென்றது. வென்ற அணியில் இருந்த இளம்பெண் பில்லி ஜீன் மொஃபிட். பின்னாளில் பில்லி ஜீன் கிங் என்று உலகம் அறிந்த அவர், பெண்களுக்கும் ஆண்களுக்கு இணையான பரிசுத்தொகை வேண்டும் என்று போராடியவர். ஃபெட் கோப்பை என்று வழங்கிவந்த போட்டிக்கு 2020-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது பொருத்தமான மரியாதை.

தொடக்கத்தில் தகுதிச் சுற்று கிடையாது. எல்லா நாடுகளும் ஒரே ஊரில் கூடி, ஒரே வாரத்தில் ஆடி முடித்தன. நாடுகள் பெருகப் பெருக அது இயலாமல் போயிற்று. 1992-இல் வட்டார வாரியாகத் தகுதி ஆட்டங்கள் வந்தன. ஆசிய, ஓசியானிய நாடுகள் ஒரு வட்டாரம். ஐரோப்பிய, ஆப்பிரிக்க நாடுகள் ஒன்று. அமெரிக்கக் கண்டங்கள் இன்னொன்று. வட்டாரத்துக்குள் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று அடுக்கு உண்டு. கீழ்ப்பிரிவில் முன்னணியில் நிற்கும் அணி அடுத்த ஆண்டு ஒரு படி ஏறும். மேல்பிரிவில் கடைசியில் நிற்கும் அணி இறங்கும். எனவே மூன்றாம் பிரிவில் இருக்கும் நாடு ஒரே ஆண்டில் உலகத் தரத்தை எட்டிவிட முடியாது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஆண்டுக்கு ஒரு படிதான்.

வட்டாரப் போட்டியில் இரண்டு நாடுகளின் மோதல் மூன்று ஆட்டங்களைக் கொண்டது. முதலில் இரு அணிகளின் இரண்டாம் நிலை வீராங்கனைகள் ஒற்றையரில் ஆடுவார்கள். அடுத்து முதல்நிலை வீராங்கனைகள். மூன்றாவது இரட்டையர். இரண்டு ஆட்டங்களை வென்ற நாடு மோதலை வெல்கிறது. தனிநபர் டென்னிஸ் போட்டிகளில் காண முடியாத ஒன்றும் இங்கே உண்டு. அணித்தலைவர் திடலிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். ஆடுபவர் பக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்வார். ஆண்டு முழுவதும் தனியாளாக ஊர் ஊராகப் போய் ஆடும் பெண்களுக்கு, தோளுக்குப் பின்னால் ஒரு குழு இருக்கும் வாரம் இதுதான்.

மோதலின் மூன்று ஆட்டங்களில் எது முக்கியம் என்று கேட்டால், பலரும் முதல்நிலை வீராங்கனையின் ஆட்டத்தைச் சொல்வார்கள். தகுதிச் சுற்றின் வரலாற்றைப் பார்த்தால் விடை வேறு. வலுவில் நெருங்கிய அணிகள் மோதும்போது ஒற்றையர் ஆட்டங்கள் ஆளுக்கொன்றாகப் பிரிந்துபோவது அடிக்கடி நடப்பது. அப்போது நாட்டின் தலையெழுத்தை எழுதுவது இரட்டையர்தான். மோதல் 2–0 என்று முடிந்துவிட்டாலும் இரட்டையரை அலட்சியமாக ஆட முடியாது. ஒரு குழுவுக்குள் ஒவ்வோர் அணியும் மற்ற அணிகள் எல்லாவற்றோடும் ஆடுகிறது. மூன்று அணிகள் சம வெற்றிகளோடு நின்றால், வென்ற ஆட்டங்கள், பிறகு செட்டுகள், பிறகு கேம்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். முதல் நாள் அசட்டையாக விட்ட ஒரு செட் கடைசி நாள் வந்து வழியை மறிக்கலாம்.

2020 மார்ச்சில் துபாயில் நடந்த ஆசிய–ஓசியானிய முதல் பிரிவு இதற்கு நல்ல சான்று. சீனா, தென்கொரியா, சீன தைப்பே, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான், இந்தியா ஆகிய ஆறு அணிகள்; முதலிரண்டு இடங்களுக்கு மட்டுமே உலகத் தகுதி ஆட்டம். இந்தியா சீனாவிடம் தோற்றது, வேறு மூன்று அணிகளை வென்றது. கடைசி மோதல் இந்தோனேசியாவோடு. ருதுஜா போஸ்லே முதல் ஒற்றையரில் பிரிஸ்கா நுக்ரோஹோவிடம் தோற்றார். அங்கிதா ரெய்னா அல்டிலா சுட்ஜியாடியை வென்று கணக்கைச் சமன் செய்தார். மூன்றாவது ஆட்டத்துக்கு அங்கிதாவோடு இறங்கியவர் சானியா மிர்சா. பிள்ளை பெற்று மீண்டும் திடலுக்கு வந்த முதல் சில மாதங்கள் அவை. எதிரே நின்றவர்கள் சற்று முன் ஒற்றையர் ஆடிய அதே இருவர். முதல் செட் டைபிரேக்கர் வரை இழுத்தது. இரண்டாவதில் இந்தோனேசியாவுக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. 7–6, 6–0. இந்தியா முதல் தடவையாக வட்டாரத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு ஆசிய–ஓசியானிய வட்டாரத்துக்கான ஃபெட் கோப்பை இதய விருது சானியாவுக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அடுத்த ஆண்டு ஏப்ரலில் யூர்மாலா நகரில் நடந்த உலகத் தகுதி ஆட்டத்தில் இந்தியா லாத்வியாவிடம் தோற்றுத் திரும்பியது என்றாலும், துபாயில் அந்த ஐந்து நாள் உழைப்பு அதனால் சிறுத்துப்போகவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஏப்ரலில், அதே படியை இந்தியா பூனேயில் மறுபடி ஏறியது. இம்முறை நியூசிலாந்து, சீன தைப்பே, ஹாங்காங், தென்கொரியா, தாய்லாந்து ஆகியவை எதிரணிகள். நியூசிலாந்திடம் மட்டும் தோற்று, மற்ற நான்கையும் வென்று இரண்டாம் இடம். ஸ்ரீவல்லி ரஷ்மிகா பமிடிபாட்டி தம் ஒற்றையர் ஆட்டங்கள் அனைத்தையும் வென்றது அந்த வாரத்தின் பெரும் செய்தி. நவம்பரில் பெங்களூரில் ஸ்லோவேனியாவும் நெதர்லாந்தும் வந்தபோது இந்தியா இரண்டிடமும் தோற்றது. வட்டாரத்தில் வெல்லும் ஆட்டத்துக்கும் ஐரோப்பிய அணிகளை வெல்லும் ஆட்டத்துக்கும் நடுவே இன்னும் ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. இந்திய அணியின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1990-களில் அந்த அணிக்கு ஆடிய கோயம்புத்தூர்ப் பெண் நிருபமா வைத்தியநாதன், 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்றவர். அதே ஊரின் மாயா ராஜேஷ்வரன் 2025-இல் மும்பை ஓப்பனில் அரையிறுதி வரை போனபோது அவருக்கு வயது 15.

தனியொரு நட்சத்திரம் நாட்டைத் தூக்கிவிடாது என்பதற்கு மலேசியாவின் அண்டை நாட்டையே காட்டலாம். 2025 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் அலெக்ஸ் ஈலா மயாமி ஓப்பனில் இகா ஸ்வியாந்தெக்கை வீழ்த்தி அரையிறுதிக்குள் நுழைந்தார். தென்கிழக்காசியாவே வியந்து பார்த்தது. அடுத்த மாதம் பூனேயில் கூடிய முதல் பிரிவு அணிகளிலோ பிலிப்பைன்ஸ் இல்லை. ஒரு மோதலை வெல்ல இரண்டு ஆட்டம் வேண்டும். ஈலா ஒருவரால் நிச்சயம் கிடைக்கக்கூடியது ஒன்றுதான்.

மலேசியப் பெண்கள் அணி அண்மை ஆண்டுகளில் முதல் பிரிவுக்குக் கீழேயே ஆடிவருகிறது. இரண்டாம் பிரிவு மோதல்கள் கோலாலம்பூரிலும் நடந்திருக்கின்றன. சொந்த மண்ணில் ஆடுவது பெரிய வாய்ப்பு: பழகிய வெயில், பழகிய திடல், பிற்பகல் மழைக்குப் பின் ஈரக்காற்றில் பந்து எவ்வளவு கனக்கும் என்ற அறிவு. ஆனால் வாய்ப்பைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஒற்றையர் வீராங்கனைகளும் ஒரு நல்ல இரட்டையர் இணையும் ஒரே நேரத்தில் வேண்டும். அது திடலால் வருவதில்லை. அடியில் இருந்து வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வருவது.

கெடாவில் டென்னிஸ் வெகுகாலம் தோட்டத்துத் துரைமாரின் கிளப் ஆட்டமாக இருந்தது. ரப்பர்த் தோட்டங்களில் லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பந்து பொறுக்கிப் போடும் வேலை; அவர்கள் ஆடியது தமிழ்ப்பள்ளித் திடலில் கால்பந்தும் பூப்பந்தும். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்தன. அங்கே திடல்கள் இருந்தன. ஆனால் மட்டை, நரம்பு கட்டும் செலவு, பயிற்சியாளர் சம்பளம், வெளியூர்ப் போட்டிக்குப் பயணச்செலவு எல்லாம் சேர்ந்து, தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துக்கு டென்னிஸைத் தொலைவிலேயே நிறுத்தின. திறமைக் குறைவு இதற்குக் காரணமல்ல என்று அடித்துச் சொல்ல ஸ்குவாஷ் இருக்கிறது.

கெடாவைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் 2022-இல் கார் விபத்தில் படுகாயமடைந்து அந்த ஆண்டின் காமன்வெல்த் போட்டியை இழந்தவர். அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் தனிநபர் தங்கத்தை வென்றார். மலேசியப் பெண்கள் அணியும் அங்கே தங்கம் வென்றது. 2024-இல் லண்டன் கிளாசிக் பட்டமும் அவருக்கு வந்தது. ஸ்குவாஷ் அணி மோதலும் மூன்று ஆட்டங்கள்தான்; மூன்றும் ஒற்றையர். மலேசிய ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் உலகின் முதலிடத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்த காலத்திலேயே, அவருக்குப் பின்னால் இரண்டாம், மூன்றாம் இடத்துக்கு ஆள் தயார் செய்துகொண்டே வந்ததால்தான் மலேசியா அவர் ஓய்வு பெற்ற பிறகும் தங்கம் எடுத்தது. டென்னிஸில் அந்த வரிசை இன்னும் உருவாகவில்லை.

பில்லி ஜீன் கிங் கோப்பையில் ஆட ஒரு பெண்ணுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த நாட்டின் கடப்பிதழ் கையில் இருக்க வேண்டும். ஓர் அணியில் ஐந்து பேர் வரை இடம்பெறலாம். வழி பள்ளியில் தொடங்குகிறது: மாவட்டம், மாநிலம், மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றப் போட்டி, சுக்மா எனும் மலேசிய விளையாட்டுப் போட்டி, பிறகு அனைத்துலக இளையோர் போட்டிகள், அதற்குப் பிறகு 15,000 டாலர் பரிசுத்தொகை கொண்ட தொழில்முறைப் போட்டிகள். உலகத் தரவரிசையில் முதல் புள்ளிகள் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான். இரட்டையரில் தேறியவருக்கு ஒற்றையர்த் தரவரிசை சற்றுத் தாழ்ந்திருந்தாலும் அணியில் இடம் உண்டு. கெடாவின் பள்ளிகளிலும் கிளப்புகளிலும் இன்று ஒற்றையருக்கே பயிற்சி நேரம் போகுமானால், வாரத்தில் ஒரு நாளை இணையாக ஆடுவதற்கு ஒதுக்க அதிகப் பணம் தேவையில்லை: ஒரு திடல் போதும், நான்கு பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடலாம்.