உடப்புக்கு வந்த கோச்சி



பிள்ளைகளுக்குப் பழைய பொருளைப் பரிசாகக் கொடுக்கலாமா? கேட்டவுடன் நம்மவர் பலர் முகம் சுளிப்பர். மூத்தவன் பாவித்த பாடநூலும் பாட்டி காலத்துத் தொட்டிலும் கைமாறும்போது எவரும் குறை சொல்வதில்லை. பிறந்தநாட் பரிசு என்று வந்துவிட்டால் மட்டும் அது பெட்டி பிரிக்காததாக இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறிய வேகத்தைக் கண்ட பிறகு, இந்தக் கௌரவத்தை எத்தனை குடும்பங்கள் தாங்கும் என்ற ஐயம் எனக்கு உண்டு.

என் தங்கையின் கணவர் உடப்பில் கரைவலைத் தொழில் செய்பவர். வலையில் மீன்படாத நாளில் வீட்டுக்குப் பங்கும் இல்லை. அவர்களுடைய மகனுக்கு ஏழு வயது நிறைந்தபோது, சிலாபத்துப் பழைய பொருட்கடை ஒன்றில் ஒரு மாதிரி ரயிலை வாங்கினேன். ஓர் எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டக்கூடிய தண்டவாளத் துண்டுகள். நிறம் உரிந்து, சொறி பிடித்தாற்போலக் கிடந்தது. எஞ்சின் மட்டும் ஓடியது.

ரயில் என்கிறேன், எங்கள் பக்கத்துப் பேச்சில் அது கோச்சி. ஆங்கிலக் ‘கோச்’ நம் வாயில் பெற்ற உருவம். அதற்குப் பூசும் தீந்தையோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். தமிழாசிரியன் அல்லவா, இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

தங்கை ஒரு வேண்டுகோள் வைத்தாள். “அண்ணா, புதிசு மாதிரிச் செய்து குடுங்க. பழசு எண்டு அவனுக்குச் சொல்லாதீங்க.” தாயின் மனம் எனக்கு விளங்கியது. ஆனாலும் நான் உடன்படவில்லை. மாலைதோறும் முற்றத்தில் இருந்து வலையின் கிழிசலைப் பொத்துகிற தகப்பனைப் பார்த்து வளரும் பிள்ளை அவன். பழையதைச் சீராக்குவது ஒளிக்கவேண்டிய காரியம் என்று அவனுக்கு நான் ஏன் கற்பிக்க வேண்டும்?

வேலைக்கு வருவோம். சில்லுகளையும் மோட்டாரையும் கழற்றி வைத்துவிட்டு, மேலுடலைச் சவர்க்கார நீரில் கழுவினேன். பிளாஸ்டிக்கை உருக்கிவிடும் என்பதால் தின்னர்ப் பக்கம் போகவில்லை. பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்ற அச்சமும் இருந்தது. அமெரிக்காவில் விளையாட்டுப் பொருள்களின் பூச்சில் ஈயத்தைத் தடுத்தது 1978இல்தான். நம் நாட்டில் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது 2013இல். எனவே மண்கடதாசியை நனைத்தே தேய்த்தேன், தூசு பறக்கவில்லை. பிள்ளையையும் அருகில் விடவில்லை. பிறகு சாம்பல் நிற அடிப்பூச்சு. அதன்மேல் மெல்லிய பூச்சுகள் மூன்று. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் சன்னல் விளிம்புகள் மூடுண்டு போகும்.

எங்கள் கரையில் தீந்தைக்குப் பெரிய பகை காற்று. ஈரக்காற்றில் பூசினால் மினுக்கம் கெட்டு வெண்மை படரும். கடற்காற்று மணலையும் கொண்டுவந்து ஒட்டும். உப்பு விளைகிற வறண்ட நாள்களே இதற்கும் உகந்தவை. ஒவ்வொரு பூச்சு முடிந்ததும் வெற்றுப் பேசினைக் கவிழ்த்து மூடிவைத்தேன்.

என்ன நிறம் என்பதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. நம் நாட்டுப் பெட்டிகளின் செங்கபிலம்தான். அவன் பத்துளுஓயாவில் பார்த்த கோச்சி அது. நீர்கொழும்புக்கு 1909இலும் சிலாபத்துக்கு 1916இலும் வந்த பாதை, 1926இல் புத்தளத்தைத் தொட்டது. கடலோரத்து உடப்பை அது தொடவில்லை; உள்ளே ஒதுங்கிப் போய்விட்டது. கணக்குப் பார்க்கிறவர்கள் என்னைக் குறை கூறலாம். நம் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர். எண்பத்தேழில் ஒன்றாகச் சுருக்கினால் பத்தொன்பதுக்கு மேல் வரும். இந்தத் தண்டவாளமோ பதினாறரைதான். இருக்கட்டும். ஏழு வயதுக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

எஞ்சினுக்குப் பெயர் சூட்ட நினைத்தேன். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா தந்த டீசல் எஞ்சின்கள் சிலவற்றுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள், ஒன்று ஒன்ராறியோ. இன்று நம் உறவினரில் எத்தனை பேருடைய முகவரி அது! அந்தப் பெயரையே எழுதவா என்று மருமகனிடம் கேட்டேன். அவன் கேட்டது வேறு. “மாமா, உடப்பு எண்டு எழுதுங்க. எங்கட ஊருக்கு வாறதே இல்லையே.” மூன்று மொழியிலும் எழுதினேன். சிங்கள எழுத்துச் சற்றுக் கோணல்.

ஒன்றை மட்டும் நான் தேய்க்காமல் விட்டிருந்தேன். கடைசிப் பெட்டியின் உட்புறம், ஆணியால் கீறிய ஒரு பெயர், சிங்களத்தில். முன்பு வைத்திருந்த பிள்ளையின் கைவேலை. பள்ளியில் சிங்களம் படிக்கிற மருமகன் பெட்டியைக் கவிழ்த்து, எழுத்துக்கூட்டி, வாய்விட்டு வாசித்தான். தங்கை என்னைப் பார்த்தாள்.

“இது ஆர் மாமா?”

“இதை முந்தி வச்சிருந்த அண்ணா.”

கொஞ்ச நேரம் பெட்டியைக் கையில் வைத்திருந்தான். “குடுக்கேக்க அழுதிருப்பாரா?”

எனக்கு மறுமொழி வரவில்லை. அவன் தகப்பனிடம் ஓடி ஆணி கேட்டான். அந்தப் பெயருக்குக் கீழே தன் பெயரைக் கீறினான், தமிழில். அதற்குப் பிறகுதான் கோச்சி ஓடத் தொடங்கியது.