தாயிடம் மட்டும் கேட்ட கேள்வி



வேலை, கூலி, புலப்பெயர்வு பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். மூன்றும் சந்திக்கும் ஓர் இலங்கை ஆய்வை மட்டும் சொல்கிறேன்.

மூதூர் றிசானா நபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள். வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனவர். 2013 ஜனவரியில் அங்கே மரண தண்டனைக்கு உள்ளானார். அதே ஆண்டு அரசாங்கம் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது. அதன்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகப் போக முடியாதிருந்தது. பிள்ளைகள் அதற்கு மூத்தவர்கள் என்றால், அவர்களைப் பார்க்க ஆள் உண்டென்று காட்டவேண்டியிருந்தது. தகப்பன்மாரிடம் இது கேட்கப்படவில்லை.

இதன் விளைவை அளந்தவர்களில் ஒருவர் கொழும்பிலுள்ள கொள்கைக் கற்கைகள் நிறுவகத்தின் பொருளியலாளர் பிலேஷா வீரரத்ன. புறப்படுவோர் தொகை குறைந்தது என்பது மட்டும் போதாது. எண்ணெய் விலை இறங்கினாலும் அது குறையலாம். ஆகவே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டோரையும் உட்படாதோரையும் அதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடவேண்டும். அமெரிக்காவில் குறைந்தபட்சச் சம்பளத்தை டேவிட் கார்ட் ஆராய்ந்ததும் இவ்வகை ஒப்பீட்டால்தான். 2021இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. வீரரத்ன கண்டது இது: தேர்ச்சி குறைந்த வேலைகளுக்குப் போகும் பெண்கள் குறைந்தார்கள், நடுத்தர வேலைகளுக்குப் போவோர் கூடினார்கள். ஆபத்தான வேலைதானே, குறைந்தது நல்லதென்று சிலர் சொல்லக்கூடும். வேறு உழைப்புக்கு வழியில்லாத தாயிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நூறு வருடத்துக்கு முன் இக்குடாநாட்டு ஆண்கள் எழுதுவினைஞராகவும் ரயில்வே உத்தியோகத்தராகவும் மலாயாவுக்குப் போனார்கள். அந்தக் காசில் கல்வீடுகள் எழுந்தன. பிள்ளைகளை யார் பார்ப்பது என்று எந்த விதானையாரும் மறிக்கவில்லை. நம்மில் கணக்காளராகவும் வைத்தியராகவும் வெளிநாடு போனவர்களையும் மறிக்கவில்லை.

2022இல் டொலர் தட்டுப்பட்டபோது அந்த ஐந்து வயதை இரண்டாக்க அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. பிள்ளைகளின் தேவை அவ்வருடம் மாறியிருக்கவில்லை. தாய் போன வீட்டில் அம்மம்மாதான் முன்போலவே சம்பளமில்லாமல் பார்த்தா.

நூற்றாண்டு நிதியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சங்கம் நம் எல்லாரிடமும் கேட்டிருக்கிறது. வேலைக்குப் போகும் உரும்பிராய்த் தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பராமரிப்பவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் என்றும் சேர்த்திருக்கிறேன்.