வியாகுலப் பிரசங்கம் கேட்கும் காது



தவக்காலம் பிறந்தால் யாழ்ப்பாணத்தின் நாவாந்துறை, பாஷையூர், குருநகர், இளவாலைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு குரல் எழும்பும். அதை முழுப் பாட்டென்று சொல்ல ஏலாது, வெறும் வாசிப்பென்றும் சொல்ல ஏலாது. ஒப்பாரியின் இழுவையில் உரைநடையை வாசிக்கும் முறை அது. வியாகுலப் பிரசங்கம் என்பார்கள். இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக எழுதிவைத்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார். கோவாவில் பிறந்தவர், 1705இல் இலங்கைக்கு வந்தவர். தமிழ் அவருக்குத் தாய்மொழியல்ல. ஆனாலும் இந்த ஊர்ச் சனம் அழும் முறையை அவர் பிடித்துக்கொண்ட விதம் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அது ஒல்லாந்தர் காலம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் கைக்குப் போனதோடு கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று. 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் பிச்சைக்கார வேடத்தில் வந்து சேர்ந்து, சில்லாலையில் மறைந்திருந்துதான் பணி செய்தார். சுவாமியார் எப்போது வருவாரென்று தெரியாத காலத்தில் கையிலிருந்த புத்தகத்தைக் கோயில் மூப்பர் வாசிக்க, ஊர் இருந்து கேட்டது. விசுவாசம் காதால்தான் நிலைத்தது.

இனி அந்த வாசிப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பழைய உரைநடை. வசனங்கள் நீளம். வினைச்சொல் கடைசியில்தான் வரும். வாசிப்பவர் நடுவில் மூச்சை விட்டால் பொருள் அறுந்துபோகும். ஆகவே எங்கே இழுப்பது, எங்கே தாழ்த்துவது, எங்கே அரை மூச்சு எடுப்பது என்பதை அவர் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். நல்ல வாசிப்பாளர் ஒரு உயிரெழுத்தை இழுத்துக்கொண்டே போய், சனம் இனி என்ன என்று காத்திருக்கும்போது அந்த வினைச்சொல்லை மெதுவாக இறக்கிவைப்பார். கூட்டத்திலிருந்து ஒரு விம்மல் அப்போதுதான் வரும். என் கணிப்பில் இந்தக் கலையின் உயிர் அந்தக் காத்திருப்புத்தான். கண்ணீர் பிறகு வருவது, வராமலும் விடலாம். அடுத்த சொல்லுக்காக வாய்மூடி இருக்கப் பழகிய மனம் செபத்திலும் இருக்கப் பழகும்.

இப்படிக் கேட்பதைச் சொல்லும்போது, வார்த்தை விழும் நிலமாக மனத்தைக் காட்டும் விதைப்பவன் உவமை நினைவுக்கு வரும். அது எல்லோருக்கும் தெரியும். பிரசங்கிமார் பலர், உன் இதயம் எந்த நிலம் என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு அந்தக் கேள்வி போதாது. கல் நிறைந்த கலட்டி நிலத்தை அவர் தலைவிதியென்று விட்டவரல்லர். சுண்ணக்கல்லைக் கிளப்பி, செம்மண் கொண்டுவந்து கொட்டி, பனையோலையைப் புதைத்துத்தான் புகையிலை நட்டார். ஒரு வருடத்தில் முடிகிற வேலையா அது? தவக்காலத்துக்குத் தவக்காலம் அதே பிரசங்கங்களை உட்கார்ந்து கேட்பதும் அப்படியொரு வேலை. போன வருடம் காதில் ஏறாத வசனம் இந்த வருடம் ஏறும்.

சில வருடங்களில் அது தாங்கமுடியாமல் ஏறும். போர்க்காலத்தில், 1995 யூலை 9ஆம் திகதி, நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமிருந்தவர்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் எத்தனை பேர்! மகனை மடியில் வைத்து மாதா அழும் இடத்தை அவர்கள் கேட்கும் விதம் வேறு. துக்கம் எல்லோரையும் இளக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சிலரைக் கல்லாக்கியும் இருக்கிறது. தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழ வாய்வராத பெண்ணுக்கு மாதாவின் ஒப்பாரிக்குள் நின்று அழ இடம் கிடைக்கிறது. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கிறிஸ்துவின் மரணப் பழியை யூத இனத்தின்மேலே சுமத்துவது பழைய பாடு இலக்கியங்கள் பலவற்றுக்கும் உள்ள கோளாறு. எல்லா யூதர்மேலும் அந்தப் பழியைப் போடலாகாதென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய நூலை வாசிக்கும் இடமெல்லாம் அந்தக் கவனம் வேண்டும். பங்குத்தந்தையும் வாசிப்பவரும் முன்கூட்டியே இருந்து பார்த்தால் நல்லது.

மற்றது ஒலிபெருக்கி. வானொலியில் இருந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் கோபுரத்தில் கட்டிய குழாய் அந்த அரை மூச்சை விழுங்கிவிடுகிறது. மிச்சம் வருவது வெறும் சத்தம். கோயிலுக்குள் ஐம்பது பேர் இருக்கும் இடத்தில் குழாய் எதற்கு?

பழஞ்சொற்கள் இளம் பிள்ளைகளுக்கு விளங்காது என்று நூலைச் சுருக்கச் சொல்பவர்கள் உண்டு. சுருக்கினால் காத்திருப்பு போய்விடும். அதைவிட, குரலுள்ள ஒரு பிள்ளையை வாசிக்கும் பெரியவர் பக்கத்தில் இருத்துங்கள். முதல் வருடம் ஒரு பந்தி போதும். மூச்சு எங்கே எடுப்பதென்று அவர் விரலால் காட்டிக்கொடுப்பார்.