கழித்தால்தான் தூய்மை: வேதியியல் ஆய்வுக்கூடத்தின் அடிப்படை முறைகள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவையொட்டி மாணவ மாணவியருக்காக நடைபெற்ற கல்வி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதேனும் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைப் பணித்தார்கள். எந்தக் கல்லூரியில் சேரலாம், எந்தத் தேர்வு எழுதலாம் என்று எடுத்துச் சொல்ல இங்கே நம்மைவிடத் தகுதியுடையோர் பலர் உள்ளனர். நாமோ வாழ்நாளின் பெரும்பகுதியை வேதியியல் ஆய்வுக்கூடத்தின் மேசையருகே நின்றே செலவிட்டுவிட்டோம். ஆதலால், அங்கே நுழையும் மாணவன் முதலில் கற்க வேண்டியதும், பெரும்பாலோர் கடைசிவரை சரியாகக் கற்காமலே விட்டுவிடுவதுமான ஒன்றைப் பற்றிப் பேசலாம் எனக் கருதினோம். கலப்புள்ள பொருளைத் தூய பொருளாக்குவது எப்படி என்பதே அது.

இதை விளக்க நாம் ஆய்வுக்கூடத்திற்குள் போகவேண்டியதில்லை. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவை அனைத்தும் நாம் சோற்றில் இடும் உப்பு அல்ல. வெயிலில் நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முந்திய பாத்திகளிலேயே படிந்துவிடுகின்றன. செறிவு ஏறிய நீரை அடுத்த பாத்திகளுக்குப் பாய்ச்சும்போதுதான் சோற்றுப்பு விளைகிறது. உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புகள் நிறைந்திருக்கும். அனுபவமுள்ள உப்பளத் தொழிலாளி அந்த நீரை வற்றவிடாமல் வெளியேற்றிவிடுவார். கடைசிச் சொட்டு வரை வற்றட்டும் என்று விட்டால் எடை கூடும். ஆனால் உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து நசநசக்கும். கைக்கு வருவதில் ஒரு பங்கை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால்தான் மீதி தூய்மையாகும். நாம் இன்று சொல்லப்போகும் முறைகள் எல்லாவற்றிற்கும் அடிப்படை இதுதான்.

ஆய்வுக்கூடத்தில் திண்மப் பொருளைத் தூய்மையாக்க முதலில் கைக்கொள்ளும் முறை மீள்படிகமாக்கல். பென்சாயிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். கொதிக்கும் நீர் 100 மில்லியில் அது ஐந்தரை கிராம் அளவுக்குக் கரையும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அதே அளவு நீரிலோ 0.34 கிராம் மட்டுமே கரையும். எனவே 5 கிராமைச் சுடுநீரில் கரைத்து ஆறவைத்தால் நாலரை கிராமுக்குச் சற்று மேலாகப் படிகமாகத் திரும்பிவரும். சிறிதளவே இருக்கும் மாசுகள் குளிர்ந்த நீரிலும் கரைந்தே கிடக்கும். கரையாத தூசும் மணலும் சூடாக வடிகட்டும்போதே வடிதாளில் தங்கிவிடும். புனலை முன்னதாகச் சூடாக்கிக் கொள்ள வேண்டும். மறந்தால் புனலின் தண்டிலேயே படிகம் கட்டி அடைத்துக்கொள்ளும். இதை எத்தனை முறை சொன்னாலும் ஆண்டுதோறும் பாதி மாணவர்கள் மறந்துவிடுவார்கள்!

இதில் கவனிக்க வேண்டியது ஆறவைக்கும் வேகம். படிகம் என்பது மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி எழுப்பிய கட்டடம். கொத்தனார் நிதானமாகச் சுவர் எழுப்பும்போது அளவில் மாறுபட்ட செங்கல்லை ஒதுக்கிவிடுவார். அவசரப்படுத்தினால் கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பூசிவிடுவார். படிகமும் அப்படித்தான். மெல்ல ஆறினால் அயல் மூலக்கூறுகளை ஒதுக்கிக்கொண்டே வளரும். திடீரெனக் குளிர்த்தினால் அவற்றையும் உள்ளே அடைத்துக்கொண்டு தூளாக விழும்.

இதை நாம் நூலில் படித்து அறியவில்லை. தவறு செய்து அறிந்தோம். கல்லூரியில் முதலாம் ஆண்டு. ஆசிரியர் மாசு கலந்த பென்சாயிக் அமிலம் 5 கிராம் கொடுத்தார். மாலையில் ஊருக்குச் செல்லும் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் சூடான கரைசலைப் பனிக்கட்டியில் வைத்தோம். விழுந்த தூளைச் சரியாக உலர்த்தாமலே நிறுத்தோம். உருகுநிலை பார்த்தபோது 113 டிகிரியில் இளகத் தொடங்கி 118-இல்தான் முழுதும் உருகியது. தூய பென்சாயிக் அமிலத்தின் உருகுநிலை 122 என்று நூலில் இருந்தது. குறிப்பேட்டில் 122 என்றே எழுதினோம். விளைச்சல் 5.2 கிராம்!

ஆசிரியர் குறிப்பேட்டைப் பார்த்தார். "தம்பி, ஐந்து கிராம் கொடுத்தேன், ஐந்துக்கு மேல் திருப்பித் தருகிறீர். இது என்ன வியாபாரம்?" என்றார். கூடியது ஈரத்தின் எடை என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு அவரே நம் தூளில் சிறிதை எடுத்து நுண்குழாயில் இட்டு நம் கண்முன் சூடாக்கினார். 122-க்கு வெகு முன்பே அது இளகியது. அவர் ஏசவில்லை. நாம் எழுதியிருந்த எண்ணின்மேல் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குச் சென்றார். அந்தக் கோட்டை இன்றளவும் நம்மால் மறக்க முடியவில்லை.

ஏனைய முறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கற்பூரம், அயோடின் போன்றவை சூடேறினால் திரவமாகாமலே ஆவியாகி, குளிர்ந்த பரப்பில் மீண்டும் திண்மமாகப் படியும், இது பதங்கமாதல். மணலோடு கலந்த கற்பூரத்தைக் கிண்ணத்தில் வைத்து, மேலே புனலைக் கவிழ்த்து மெல்லச் சூடாக்கினால் கற்பூரம் புனலில் ஒட்டும், மணல் கீழே கிடக்கும். நவச்சாரத்தை இவ்வாறு தூய்மையாக்கும் வழக்கம் மிகப் பழையது. அரபு மொழியில் இதனைத் தஸ்யீத், அதாவது மேலேற்றுதல் என்றனர். வாலை வடித்தலைத் தக்தீர் என்றனர். கத்ரா எனும் துளியிலிருந்து பிறந்த சொல் அது. 865-இல் பிறந்த மருத்துவ மேதை அர்ராஸி தமது ‘கிதாபுல் அஸ்ரார்’ நூலில் இம்முறைகளையும் இவற்றிற்கான பாத்திரங்களையும் வரிசைப்படுத்திக் காட்டியுள்ளார். வாலைக்கு ஐரோப்பியர் வழங்கிய அலெம்பிக் என்னும் பெயர் அரபியின் அல் அன்பீக் என்பதிலிருந்து சென்றது. அரபியருக்கும் அது கிரேக்கத்திலிருந்து வந்ததே என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

வாலை வடித்தலில் கொதிநிலை குறைந்தது முன்னே ஆவியாகும், குளிர்த்தி ஏந்திக்கொள்ளலாம். எல்லாம் இவ்வளவு எளிதாகப் பிரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். எரிசாராயத்தையும் நீரையும் எத்தனை முறை வடித்தாலும் எடையில் நூற்றுக்கு 95.6 பங்குக்கு மேல் சாதாரண வடித்தலால் ஏற்ற முடியாது. நீலகிரியில் யூகலிப்டஸ் தைலம் இறக்குவதோ வேறு வகை. அத்தைலத்தின் முதன்மைப் பொருளான சினியோல் 176 டிகிரியில்தான் கொதிக்கும். ஆயினும் இலைகளின் ஊடே நீராவியைச் செலுத்தும்போது, இரண்டின் ஆவியழுத்தமும் சேர்ந்துகொள்வதால் 100 டிகிரிக்குக் கீழேயே நீருடன் வந்துவிடுகிறது. மென்மையான மணப்பொருள்கள் கருகாமல் கிடைப்பது இதனால்தான்.

ரஷ்ய அறிஞர் ஸ்வெட் வார்சாவில் பணியாற்றியபோது, கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி இலைச்சாற்றை ஊற்றினார். பச்சையும் மஞ்சளுமாக நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து இறங்கின. 1906-இல் அவர் இதற்குச் சூட்டிய பெயரே குரோமடோகிராபி. தமிழில் வண்ணப்பிரிகை என்கிறோம். அன்று அதை மதித்தோர் மிகச் சிலரே.

இனி, இம்முறைகளால் உலகம் பெற்ற பயனுக்கு ஓர் உதாரணம். பெனிசிலினை ஃபிளெமிங் 1928-இல் கண்டறிந்தார் என்று பாடநூலில் படிக்கிறோம். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக அது மருந்தாகாமல் கிடந்தது ஏன்? பூஞ்சைச் சாற்றில் அது மிகமிகச் சிறிதளவே இருந்தது. பிரித்தெடுக்க முயன்றால் அழிந்துபோயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின் ஆகியோரின் குழுவில் இருந்த நார்மன் ஹீட்லி 1940-இல் ஒரு வழி சொன்னார். பெனிசிலின் ஓர் அமிலம். சாற்றைக் குளிர்வித்து அமிலத்தன்மையாக்கி ஈதருடன் குலுக்கினால் அது ஈதருக்குள் ஏறிவிடும். மாசுகளில் பெரும்பகுதி நீரிலேயே தங்கும். பிறகு அந்த ஈதரைச் சற்றே காரத்தன்மையுள்ள நீருடன் குலுக்கினால் பெனிசிலின் உப்பாகி நீருக்குத் திரும்பிவிடும். செயினுக்கு இதில் முதலில் நம்பிக்கையில்லை. ஹீட்லி தாமே செய்து காட்டினார். போர்க்காலத் தட்டுப்பாட்டில், நூலகம் ஒதுக்கிய பழைய புத்தக அலமாரியைச் சட்டமாக்கிப் பிரித்தெடுக்கும் கருவியை அமைத்தார். நம் கல்லூரிகளில் உபகரணம் இல்லை என்று குறைபடும்போதெல்லாம் அந்த அலமாரிதான் நம் நினைவுக்கு வரும்.

அந்த ஆண்டு மே 25-இல் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமிகளைச் செலுத்தினர். மருந்து பெறாத நான்கும் விடியுமுன் இறந்தன. மருந்து பெற்றவை பிழைத்து நின்றன. அந்தப் பழுப்புத் தூளிலும் மிகச் சிறு பங்கே பெனிசிலின். 1941 தொடக்கத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தியபோது நடுக்கமும் காய்ச்சலும் கண்டன, காரணம் மாசுகள். அவற்றை அகற்ற உதவியது வண்ணப்பிரிகை. பிப்ரவரி 12-இல் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்கு மருந்தளித்தனர். சில நாட்களில் வியக்கத்தக்க முன்னேற்றம். ஆனால் கையிருப்பு தீர்ந்தது. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்தும் பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர். அதுவும் போதவில்லை; மார்ச் 15-இல் அவர் இறந்தார். 1945-இல் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் கிடைத்தது. பிரித்தெடுத்த ஹீட்லிக்கு இல்லை. 1990-இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குக் கௌரவ மருத்துவ முனைவர் பட்டம் அளித்தது.

பொருளைத் தூய்மையாக்கினால் மட்டும் போதாது. தூயதுதானா என்று சோதித்தறிய வேண்டும். தூய பொருள் குறுகிய வெப்ப எல்லைக்குள் உருகும். மாசுள்ளது முன்னதாகவே இளகத் தொடங்கி நீண்ட எல்லையில் உருகும். சந்தேகம் இருந்தால், ஐயமற்ற தூய மாதிரியோடு கலந்து உருக்கிப் பார்த்தால் உண்மை தெரியும். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். அம்மருந்து தயாரானது நம் மாநிலத்தில். சோதனையில் அதில் ஏறத்தாழப் பாதி அளவு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு இருந்தது. 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்ற அதே நஞ்சு. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை புதிதன்று, அரிதும் அன்று. மருந்து கடைக்குப் போகுமுன் எவரேனும் அதைச் செய்து, கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள். நாம் 122 என்று எழுதிய அந்த மாலை, இச்செய்தியைப் படித்தபோது மீண்டும் நெஞ்சில் தைத்தது.

மாணவச் செல்வங்களே! வருகின்ற ஞாயிறு காலை இதே அரங்கில் படிகாரத்தை மீள்படிகமாக்கிக் காட்ட இருக்கிறோம். சவரக்கடைகளில் வைத்திருப்பார்களே, அதே படிகாரம்தான். ஆளுக்கு ஒரு கண்ணாடி டம்ளரும் நூலும் கொண்டு வாருங்கள். தராசு நாம் கொண்டு வருகிறோம். கரைக்குமுன் ஒருமுறை நிறுப்போம். படிகம் உலர்ந்தபின் மறுமுறை நிறுப்போம். எடை குறைந்தே வரும். குறைந்த எடையையே எழுதுங்கள்.