விலங்கும் மௌனமும்

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவத்தின் சி-17 விமானம் ஒன்று அமிர்தசரசில் தரையிறங்கியது. அதில் 104 இந்தியர்கள் இருந்தனர். ஹரியானாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் தலா 33 பேர், பஞ்சாபிலிருந்து 30 பேர். கைகளில் விலங்கு, கால்களில் சங்கிலி. அவர்கள் விமானத்தில் ஏற்றப்படும் காட்சியை அமெரிக்க எல்லைக் காவல் படையின் தலைவரே இசை சேர்த்துச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். உலகம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பூட்டப்பட்ட விலங்கு அது.

அவர்களில் பலர் நிலத்தை விற்று, கடன் வாங்கி, முகவர்களுக்கு 40 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து, பனாமா காடுகளை நடந்தே கடந்து சென்றவர்கள். பஞ்சாபில் இதற்கு 'டங்கி' வழி என்று பெயர். பயிருக்குக் கட்டுப்படியாகும் விலையும் படித்தவர்க்கு வேலையும் ஊரிலேயே கிடைத்திருந்தால் எந்தக் குடும்பமும் பிள்ளையை அந்தக் காட்டுக்கு அனுப்பியிருக்காது.

மறுநாள் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் கைவிலங்கோடு நாடாளுமன்ற வளாகத்தில் போராடினர். மாநிலங்களவையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் தந்த விளக்கம் என்ன? நாடு கடத்தல் புதிதல்லவாம். 2009 முதல் நடப்பதாக ஆண்டுவாரியாகக் கணக்கு வாசித்தார். விமானத்தில் கட்டி வைப்பது 2012 முதல் உள்ள நடைமுறையாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விலங்கு இடப்படுவதில்லை என்று அமெரிக்கத் தரப்பு தெரிவித்ததாம். அதே விமானத்தில் வந்த பெண்கள் சிலரோ தங்களையும் விலங்கிட்டதாகக் கூறினர். அமெரிக்கத் தூதர் பேச வேண்டியதை இந்திய அமைச்சர் பேசி முடித்தார்.

பிப்ரவரி 13 அன்று பிரதமர் மோடி வெள்ளை மாளிகையில் டிரம்புக்கு அருகில் நின்றார். சட்டவிரோதமாகத் தங்கியுள்ள இந்தியர்களைத் திரும்பப் பெறத் தயார் என்றார். ஆள்கடத்தல் கும்பல்களைச் சாடினார். விலங்கைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் எழவில்லை. இரண்டே நாளில் அடுத்த விமானம் அமிர்தசரசுக்கு வந்தது. அதில் வந்த ஆண்களும் விலங்கோடுதான் வந்தனர்.

வேறு வழியே இல்லையா? பிரேசில் குடிமக்கள் விலங்கோடு மனாஸ் நகரில் இறங்கியபோது லூலா அரசு விலங்கை அகற்றச் செய்து, தன் விமானப் படையின் விமானத்தில் அவர்களை அழைத்துச் சென்றது. கொலம்பியாவின் பெட்ரோ இரண்டு ராணுவ விமானங்களைத் திருப்பி அனுப்பினார். டிரம்ப் வரி மிரட்டல் விடுத்ததும் ஒரே நாளில் அவர் இறங்கி வந்தார் என்பதும் உண்மை. அதை வெற்றி என்று கொண்டாட வேண்டியதில்லை. ஆனாலும் அந்நாட்டு மக்கள் சொந்த நாட்டு விமானத்தில், விலங்கின்றி ஊர் திரும்பினர்.

மௌனம் காத்த புதுடெல்லிக்கு என்ன கிடைத்தது? 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு 50 விழுக்காடு வரி நடைமுறைக்கு வந்தது. திருப்பூர் பின்னலாடைத் தொழில் அதில் சிக்கியது. செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம்.

தோழர்களே! அச்சம் மட்டுமே இந்த மௌனத்துக்குக் காரணமன்று. எதை எதிர்த்துப் பேச வேண்டுமோ அதையே இந்த அரசு தன் மண்ணில் செய்துகொண்டிருக்கிறது. 2025 மே மாதத்திலிருந்து பாஜக ஆளும் மாநிலங்களில் வங்க மொழி பேசும் புலம்பெயர் தொழிலாளர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டனர். மே 7 முதல் ஜூன் 15 வரை 1,500-க்கும் மேற்பட்டோர் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டதாக வங்கதேச எல்லைப் படை கூறுகிறது. இந்தியக் குடிமக்களும் அவ்வாறு தள்ளப்பட்டனர். டெல்லி காவல்துறையின் கடிதம் ஒன்று வங்க மொழியையே 'வங்கதேச மொழி' என்று எழுதியது. ஒருவர் பேசும் மொழியே அவர்மீதான குற்றச்சாட்டாகிவிட்ட காலம் இது.

இதில் மூலதனத்தின் கணக்கும் உண்டு. அமெரிக்கப் பயிர்த் தொழிலாளர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு உரிய ஆவணம் இல்லை என்பது அந்நாட்டு வேளாண் துறையின் புள்ளிவிவரம். அத்தனை பேரையும் வெளியேற்றினால் அறுவடை நின்றுபோகும். பண்ணை முதலாளிகள் முறையிட்டதும் ஜூனில் டிரம்ப் நிர்வாகம் பண்ணைகளிலும் ஓட்டல்களிலும் சோதனைகளைச் சில நாள் நிறுத்தியது. எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்று அஞ்சும் தொழிலாளி கூலி கேட்கமாட்டார், சங்கம் சேரமாட்டார். முதலாளிக்குத் தேவை அந்த அச்சம்தான். குருகிராமில் ஜூலை மாதம் வங்கத் தொழிலாளர்கள் அஞ்சி ஓடியபோது, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குப்பை அள்ளவும் பாத்திரம் துலக்கவும் ஆளில்லாமல் போயிற்று. அந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் காவல் நிலையம் சென்று அவர்களுக்காகக் கேட்டார்கள்?

தொழிற்சங்கத் தோழர்கள் இதைத் தம் பணியாகக் கொள்ள வேண்டும். பிடிபட்டவரின் ஆவணங்களை ஊரிலிருந்து வரவழைப்பதும் வழக்கறிஞரை அனுப்புவதும் முதல் நாளிலேயே நடந்தாக வேண்டும். எல்லை தாண்டித் தள்ளிய பின் மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்குப் பீர்பூம் மாவட்டப் பெண் ஒருவரின் வழக்கே சான்று. நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் நாடு திரும்பியது டிசம்பரில். ஜூனில் டெல்லியில் பிடிக்கப்பட்டு, கணவரோடும் எட்டு வயது மகனோடும் வங்கதேசத்துக்குள் தள்ளப்பட்டவர் அவர். நான்கு வாரத்தில் அழைத்து வர வேண்டும் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் செப்டம்பரில் ஆணையிட்டது. ஒன்றிய அரசு அந்த ஆணைக்கு எதிராக உச்சநீதிமன்றம் சென்றது. இறுதியில் அவரும் மகனும் திரும்பினர். கணவர் அப்போதும் எல்லைக்கு அப்பால்தான் இருந்தார்.