சோற்றைக் குறைத்தால் போதுமா?

சோற்றை நிறுத்திவிட்டால் மாரடைப்பு வராது என்ற எண்ணம் பலரிடம் பரவியிருக்கிறது. அது பாதி உண்மைதான்.

வெள்ளைச் சோறு, ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றின் மாவுச்சத்தும் சீனியும் உடலின் தேவைக்கு மிஞ்சும்போது, கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைட் என்ற கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் சேர்க்கிறது. இது ஏறும்போது ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. இந்திய வம்சாவளியினரிடம் இந்நிலை அதிகம் காணப்படுகிறது. தொந்தியும் நீரிழிவும் சேர்ந்துகொண்டால் இருதயத்துக்கு ஆபத்து கூடுகிறது.

அமெரிக்காவில் 164 பேரிடம் நடத்தப்பட்ட ‘ஓம்னிஹார்ட்’ ஆய்வு 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்றாட உணவுச் சக்தியில் 10 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து புரதச்சத்துக்கு மாற்றினார்கள். ஏறக்குறைய ஒரு கப் சோற்றின் அளவுதான் அது. உடல் எடை மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும், மாவுச்சத்து மிகுந்த உணவைவிடப் புரத உணவில் இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் டிரைகிளிசரைடும் மேலும் குறைந்தன. அந்தப் புரதத்தில் ஏறக்குறைய பாதி தாவர உணவிலிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, சோறு இருந்த இடத்தில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் வந்து உட்கார்ந்தால்? அமெரிக்காவில் 82,802 பெண் தாதியரை 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2006இல் பதில் சொன்னது. மாவுச்சத்தைக் குறைத்து, தாவரப் புரதத்தையும் தாவரக் கொழுப்பையும் கூட்டியவர்களுக்கு இருதய நோய் ஆபத்து சுமார் 30 விழுக்காடு குறைவாக இருந்தது. இறைச்சி போன்ற விலங்கு உணவைக் கூட்டியவர்களிடம் அந்த நன்மை தெரியவில்லை.

ஆகவே, எதைக் குறைக்கிறோம் என்பதோடு, அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம். மலேசியச் சுகாதார அமைச்சின் ‘சுகு சுகு செபாரு’ தட்டு இதற்கு எளிய வழி. கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய்கறியும் பழமும். புரதத்துக்குப் பருப்பு, கொண்டைக்கடலை, தௌஃபு, தெம்பே, கெம்போங் மீன் எல்லாம் சந்தையிலேயே கிடைக்கின்றன. மீனை எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பில் போடுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிகப் புரதம் ஆகாது. இவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே உணவை மாற்ற வேண்டும்.

மற்றவர்கள் இன்றைய இரவுச் சாப்பாட்டிலேயே தொடங்கலாம். சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும். பருப்பில் ஒரு கரண்டி கூடட்டும்.