வீட்டுக் குடிநீர் இணைப்பும் வளையும் பிளாஸ்டிக் குழாயும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பார்வைக்கு மிகச் சிறிய பொருள். தெருக் குழாயிலிருந்து பிரிந்து, மண்ணுக்கடியில் சென்று, உங்கள் வீட்டு முற்றத்தில் எழும் கட்டைவிரல் பருமனுள்ள கரிய பிளாஸ்டிக் குழாயே அது. இதைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், ஒரு குக்கிராமத்துக்கு வீடுதோறும் குடிநீர் இணைப்பு வழங்கப்பட்டது. மேல்நிலைத் தொட்டி நிரம்பியது. மோட்டார் தவறாது ஓடியது. பணி முடிவுற்றது எனப் பதிவேட்டிலும் எழுதப்பட்டது. ஆயினும் நான்கு மாதங்கள் கழிவதற்குள் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வருவது அருகிவிட்டது. வந்த சொற்பத் தண்ணீரும் கலங்கலாக இருந்தது. அத்தெருக் குழந்தைகள் சிலருக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. தாய்மார்கள் மீண்டும் குடத்தை எடுத்துக்கொண்டு வயற்கிணற்றுக்கு நடந்தார்கள். “இரும்புக் குழாய் போட்டிருந்தால் இந்த வினை வந்திராது” என்று ஊரார் பேசிக்கொண்டனர்.

பள்ளத்தைத் தோண்டிப் பார்த்தோம். குழாயில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஐந்து இடங்களில் குழாய் முனையை நெருப்பில் காட்டி அகலமாக்கி, மறு முனையை அதனுள் செருகி, மேலே சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவற்றுள் இரண்டு சாக்கடைக்கு அடியில் இருந்தன. வேலை செய்தவர் மீது பழியைப் போட்டு நான் தப்பிவிட முடியாது. பள்ளம் மூடப்படுமுன் அதை நேரில் பாராமலே பணி முடிவுற்றதென ஒப்பமிட்டவன் நான். அன்று கற்ற பாடத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

குழாயின் குணம்

இக்குழாய் பாலிஎத்திலீன் என்னும் பொருளால் ஆனது. அப்பொருள் 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக் கூடத்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. அதனினும் அடர்த்தி மிகுந்த, உறுதியான வகையை எளிய முறையில் ஆக்கும் வழியை 1953இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் என்னும் அறிஞர் கண்டார். அவருக்கு 1963இல் நோபெல் பரிசு கிடைத்தது. நாம் எச்.டி.பி.இ. குழாய் என்று வழங்குவது இந்த அடர்த்தி மிகுந்த வகையையே.

இரும்புக் குழாய்க்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று துரு, மற்றொன்று உப்புத் தண்ணீரில் படியும் சுண்ணாம்பு. சில ஆண்டுகளில் உள்வழி குறுகி, ஓர் அங்குலக் குழாய் அரை அங்குலக் குழாய்போல் ஆகிவிடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பாலிஎத்திலீன் குழாய் துருப்பிடிப்பதில்லை. வழவழப்பான அதன் உட்புறத்தில் சுண்ணாம்பும் எளிதில் பற்றுவதில்லை.

வளையும் தன்மை இதன் மற்றொரு சிறப்பு. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அம்மண்ணின் அசைவில் விறைப்பான குழாயின் இணைப்புகள் விட்டுவிடுகின்றன. இதுவோ மண்ணோடு சேர்ந்து சற்றே நெளிந்து கொடுக்கிறது. வீட்டு இணைப்புக்குரிய 20, 25, 32 மில்லிமீட்டர் குழாய்கள் நூறு மீட்டரும் அதற்கு மேலும் உள்ள சுருள்களாக வருகின்றன. ஆகவே தெருவிலிருந்து வீடு வரை ஒரே துண்டாக, நடுவில் இணைப்பே இல்லாமல் கொண்டுசெல்லலாம். இணைப்பு குறையக் குறையக் கசிவும் குறையும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

குழாயின் மேலேயே அதன் விவரம் அச்சிடப்பட்டிருக்கும். ஐ.எஸ். 4984 என்னும் இந்தியத் தர எண்ணும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும், வெளிவிட்டமும், தாங்கும் அழுத்தமும் அதில் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். குழாயைக் கரிய நிறமாக்குவது அதில் கலந்துள்ள கரித்தூள். வெயிலிலிருந்து குழாயைக் காப்பதும் அதுவே. ஆனால் கரிய குழாய் எல்லாம் குடிநீர்க் குழாய் ஆகிவிடாது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த குழாயும் கறுப்பாகவே இருக்கும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வாங்கி மீந்த குழாயை வீட்டுக் குடிநீருக்கு இழுப்பதும் முறையன்று.

அழுத்தத்தைப் பற்றி ஒரு கணக்கு. பத்து மீட்டர் உயரத்து நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். பன்னிரண்டு மீட்டர் உயரமுள்ள நம் ஊர்த் தொட்டி தருவது 1.2 கிலோவே. தரமான குழாய் இதைப் போலப் பல மடங்கு தாங்கும். எனவே தொட்டித் தண்ணீரின் அழுத்தத்தால் நல்ல குழாய் வெடித்தது என்று யாரேனும் சொன்னால், இணைப்பைத் தோண்டிப் பாருங்கள்.

பதிக்கும் முறை

பள்ளம் மூன்றடி ஆழமாவது இருக்க வேண்டும். அடியில் கூரிய கற்களைப் பொறுக்கிவிட்டு நான்கு அங்குல மணல் பரப்புங்கள். குழாயின் மேலும் மணல் இட்ட பிறகே மண்ணைத் தள்ளுங்கள். குழாயைக் கல்லும் முள்ளும் உள்ள தரையில் இழுத்துச் செல்லலாகாது.

வெப்பத்தால் இக்குழாய் நீளும், குளிர்ந்தால் குறுகும். நண்பகலில் சுட்டுக் கிடக்கும் நூறு மீட்டர்க் குழாய், இருபது பாகை குளிர்ந்தால் சுமார் 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலுமோ குறுகிவிடும். விறைப்பாக இழுத்துப் பதித்திருந்தால் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஆதலால் பள்ளத்தில் பாம்பு ஊர்ந்தாற்போல் சற்றே நெளிவாக இட்டு, வெயில் தாழ்ந்தபின் மூடுவது நலம். வளைக்கும்போதும் அளவு உண்டு. 32 மில்லிமீட்டர்க் குழாயை 80 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் மடிந்து நசுங்கும்.

இனி இணைப்பு. நெருப்பு வேண்டவே வேண்டாம். திருகி இறுக்கும் இணைப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. குழாயை நேராக வெட்டி, முனையின் பிசிறை நீக்கி, ரப்பர் வளையம் மண்ணின்றி இருக்கிறதா என்று பார்த்து, முழு ஆழத்துக்கும் செருகி இறுக்க வேண்டும். தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரிக்கும் இடத்தில் சேடில் பொருத்தி, அதற்குரிய வெட்டுக் கருவியால் துளையிட வேண்டும். காய்ச்சிய கம்பியால் துளையிட்டால் துளை ஒழுங்காக அமையாது. அங்கே தொடங்கும் கசிவு என்றும் நிற்காது.

சாக்கடையைக் கடக்கும் இடத்தில் குழாய் அதற்கு மேலாகச் செல்லட்டும். அந்த இடத்தில் இணைப்பு வைக்கலாகாது. டீசல், பெட்ரோல் சிந்தும் டிராக்டர் கொட்டகை, வண்டிப் பட்டறை ஆகியவற்றின் மண்ணில் இக்குழாயைப் பதிக்க வேண்டாம். அவ்வெண்ணெய்கள் குழாயின் சுவரையே ஊடுருவித் தண்ணீரில் கலக்கக் கூடியவை.

கசிவு என்பது இருவழிப் பாதை

கசிந்தால் தண்ணீர் வீண், அவ்வளவுதானே என்று சிலர் எண்ணுகின்றனர். முதலில் அந்த வீணையே கணக்கிடுவோம். 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்துள்ளது. ஓர் இணைப்பு நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் கசிய, நாள்தோறும் நான்கு மணி நேரம் தண்ணீர் விட்டால், 240 லிட்டர் மண்ணுக்குள் போகிறது. நால்வர் உள்ள ஒரு குடும்பத்தின் பங்கைவிடவும் அது அதிகம்.

இதைவிடப் பெரிய தீங்கு, தண்ணீர் நிறுத்தப்பட்ட பின் நேர்வது. அப்போது குழாயில் அழுத்தம் இல்லை. கசியும் வழியாகவே வெளியிலுள்ள சாக்கடை நீர் உள்ளே புகுகிறது. மறுநாள் முதல் குடத்தில் அதுவே வந்து விழுகிறது. வீட்டு இணைப்பில் நேரடியாக மின்மோட்டார் வைத்து உறிஞ்சுவோர் இத்தீங்கைப் பன்மடங்காக்குகின்றனர். தமக்கு ஒரு குடம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று எண்ணும் அவர்கள், அடுத்த வீட்டுப் பங்கைப் பறிப்பதோடு, கசியும் ஒவ்வோர் இணைப்பின் வழியாகவும் அழுக்கைத் தெருக் குழாய்க்குள் இழுத்து வருகிறார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தையும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

தொட்டி இயக்குபவர் கடைசித் தெருக் குழாயில் குளோரின் அளவைச் சோதித்து வரட்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அங்கே எஞ்சியிருக்க வேண்டும். தொட்டியில் சரியாக மருந்திட்டும் அங்கே குறைந்தால், வழியில் எங்கோ இணைப்பு விட்டிருக்கலாம் என்று ஐயுற்றுத் தேடுங்கள்.

ஊராட்சி செய்ய வேண்டியது

உறுப்பினர்களே, உங்களிடம் நான் மூன்று காரியங்களை வேண்டுகிறேன்.

முதலாவது: இணைப்புகள் உள்ள இடங்களை மூடாமல் வைத்து, குழாயில் நீர் நிரப்பிச் சோதித்து, அந்தந்த வார்டு உறுப்பினரும் தெருவைச் சேர்ந்த தாய்மார் இருவரும் கண்ணால் கண்ட பின்னரே பள்ளத்தை மூட அனுமதியுங்கள். அதற்குமுன் பணி முடிந்ததென எவரும் ஒப்பமிட வேண்டாம். வந்து கேட்பவர் நானாக இருப்பினும் மறுத்துவிடுங்கள்.

இரண்டாவது: குழாய் செல்லும் வழியை வரைபடமாக எழுதி ஊராட்சி அலுவலகத்தில் மாட்டுங்கள். இரும்புக் குழாயைப்போல் இதைக் கருவி கொண்டு கண்டுபிடிக்க இயலாது. குழாயோடு ஒரு கம்பியையும் சேர்த்துப் புதைத்தால் பின்னால் தேடுவது எளிது. வயலிலோ தெருவிலோ மண்வெட்டும் இயந்திரத்தை இறக்குமுன் விவசாய அன்பர்கள் அப்படத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது: இணைப்பான்கள், ரப்பர் வளையங்கள், சேடில்கள் ஆகியவற்றில் சிலவற்றையும், உரிய வெட்டுக் கருவியையும் ஊராட்சியிலேயே வாங்கி வையுங்கள். கையில் சாமான் இல்லாதபோதுதான் சைக்கிள் டியூப் நினைவுக்கு வருகிறது.

நம் மாநிலத்தில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடும் ஏற்பாடு 2022 முதல் வந்துள்ளது. அன்று உங்கள் ஊர்க் கடைசித் தெருவினரை முதலில் பேச அழையுங்கள்.

நான் சொன்ன குக்கிராமத்தில் ஐந்து இணைப்புகளையும் மாற்ற இரண்டு நாட்களே தேவைப்பட்டன. மூன்றாம் நாள் கடைசி வீட்டு முற்றத்தில் தண்ணீர் விழுந்தது. அவ்வீட்டு மூதாட்டியார் என்னைப் பார்த்து, “இதை முதலிலேயே செய்திருக்கலாமே, ஐயா” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அக்கேள்வியை உங்களில் எவரும் கேட்கும்படி நேராதிருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.